கொப்பரைக் கடல்

செங்காட்டூரில் கடல் இல்லை. கடல் மட்டுமன்று, ஆறும் இல்லை, ஏரி என்று பெயர் தாங்கிய பள்ளத்தில் சீமைக் கருவேலமும் கிரிக்கெட் ஆடுவோர் நட்டுவைத்த குச்சிகளும் அன்றி வேறொன்றும் இல்லை. ஆயினும் அவ்வூர் வீட்டு வசதி வாரியக் குடியிருப்பின் மாடி வீடொன்றில், அங்கயற்கண்ணி என்பவளின் பின்பக்கப் பால்கனியில் இருந்த வாயகன்ற பித்தளைக் கொப்பரையிலிருந்து, உள்ளங்கை நீளமே உள்ள ஒரு பொம்மை விசைப்படகு, வெயில் கொப்பரையின் விளிம்பைத் தொடும் காலை வேளையில் புறப்பட்டுப் போய், பால்காரரின் மணி கேட்கும் மாலை வேளையில் உப்புநீர் சொட்டத் திரும்பி வந்துகொண்டிருந்தது. அதற்கு எரிபொருள் எது, ஒரு முழ அகல நீரிலிருந்து பெருங்கடலுக்கு வழி எது என்று அக்குடியிருப்பில் எவரும் கேட்டதில்லை. எப்போது திரும்பும், அடுத்த முறை யாருடையது என்பவையே அவர்கள் கேட்ட கேள்விகள்.

அப்படகு படகாக வந்து சேரவில்லை. ஒரு காகிதப் பெட்டிக்குள், சிவப்பும் வெள்ளையும் மஞ்சளுமாகச் சின்னஞ்சிறு பிளாஸ்டிக் கட்டைகளாக வந்தது. அதை அனுப்பியவர் அவள் கணவர் தில்லைவாணன். சரக்குக் கப்பலின் இயந்திர அறையில் பணிபுரிந்த அவர், ஏதோ ஒரு துறைமுகத்துக் கடையில் அதை வாங்கித் தபாலில் அனுப்பியிருந்தார். பெட்டி வந்து சேர்ந்த அன்று தொலைபேசியிலும் அழைத்தார்.

"பெட்டியப் பிரிச்சிட்டியா?"

"பிரிக்கல, படத்த மட்டும் பாத்தேன். ஐம்பது வயசுல பொண்டாட்டிக்குப் பொம்மை வாங்கி அனுப்புற ஆளு இந்த ஜில்லாவுலயே நீங்க ஒருத்தர்தான்."

"ரெண்டு வாங்கினேன், அங்கை. அச்சு அசலா இன்னொண்ணு என்கிட்ட இருக்கு. நான் சொல்ற அன்னைக்கு நீ அங்க பிரி, நான் இங்க பிரிக்கிறேன். யாரு முதல்ல பூட்டி முடிக்கிறான்னு பாப்போம். தோத்தவங்க காப்பி போடணும்."

"ஜெயிச்சாலும் தோத்தாலும் நான்தான போடப்போறேன்."

அவர் சிரித்தார், அந்தச் சிரிப்பின் நடுவில் இணைப்பு அறுந்தது, பிறகு அவர் அழைக்கவே இல்லை. கப்பல் நிறுவனத்தைக் கேட்டபோது, கப்பல் தொடர்பில் இல்லை என்றனர். இருக்கிறார் என்றும் சொல்லாத, இல்லை என்றும் சொல்லாத அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு அங்கயற்கண்ணி இரண்டு மழைக்காலங்களை மழையின்றிக் கழித்தாள். மூன்றாவது மழைக்காலமும் பொய்த்த பிறகு ஒருநாள், இனி அவர் சொல்லட்டும் என்று காத்திருப்பதில் பொருளில்லை எனத் துணிந்து, பெட்டியைப் பிரித்தாள்.

கட்டைகளை நிறவாரியாகப் பிரித்து இட்லித் தட்டின் குழிகளில் இட்டாள். எழுத்தே இல்லாமல் படங்களால் மட்டும் வழிகாட்டிய சிறு புத்தகத்தைச் சர்க்கரை டப்பாவின்மேல் சாய்த்துவைத்தாள். ஒரு கட்டையின் குமிழ்களை மற்றொன்றின் அடியில் பொருத்தி அழுத்துந்தோறும் எழுந்த 'டக்' என்னும் ஒலி, நெடுநாள் பூட்டிக்கிடந்த வீட்டுக்குள் யாரோ நடமாடுவது போல அவளுக்கு இனித்தது. தவறாகப் பொருத்தியதைப் பிரித்து மீண்டும் பொருத்தினாள்; சரியாகப் பொருத்தியதையும், அந்த ஒலிக்காகவே, பிரித்துப் பொருத்தினாள். அடிப்பாகம் வந்தது, முக்கோண மூக்கு வந்தது, காற்றுத்தடுப்புக் கண்ணாடி வந்தது, பின்னால் விசை வந்தது. இறுதியில் மாதுளை முத்தை ஒத்த ஒரு சிவப்புத் துண்டு மிஞ்சியது. தொலைந்துபோனால் உதவட்டும் என்று அத்தகைய பெட்டிகளில் ஒன்றிரண்டு சிறு துண்டுகளை மிகுதியாக வைப்பது வழக்கம். தலைக்கவசம் அணிந்து புன்னகைக்கும் ஓட்டுநர் பொம்மையும் ஒன்று இருந்தது. அதை மட்டும் அவள் படகில் அமர்த்தவில்லை. ஓர் ஆளைக் கடலுக்கு அனுப்பியது போதும் என்று சொல்லிக் குளிர்பதனப் பெட்டியின்மேல் நிறுத்திவைத்தாள்.

பிறகு கொப்பரையில் நீர் நிரப்பிப் படகை மிதக்கவிட்டாள். அது ஒருமுறை வட்டமிட்டது. மூக்கைத் தெற்கே திருப்பியது. எதிர்விளிம்பை நோக்கிச் சென்றது. அவ்விளிம்பு கைக்கெட்டும் தொலைவிலேயே இருந்தும், கரையிலிருந்து காண்போருக்குக் கப்பல் சிறுப்பது போலவே சிறுத்து, முதலில் அடிப்பாகமும் பிறகு கண்ணாடியும் நீருக்குக் கீழே இறங்கி மறைந்தது. அங்கயற்கண்ணி சிறிது நேரம் நின்றாள்; பிறகு உள்ளே சென்று பருப்பை வேகவைத்தாள். கப்பல்காரரை மணந்தவளுக்கு, போனது வரும்வரை செய்ய வேண்டிய வேலைகள் இருக்கின்றன என்பது தெரியும்.

மாலையில் அது திரும்பியது. அவள் உடனே அதை நல்ல நீரில் கழுவினாள். அது தில்லைவாணன் விதித்த விதி. கடலிலிருந்து வந்த எதையும் நல்ல தண்ணீரில் கழுவாமல் வீட்டுக்குள் வைத்தால், உப்பு உள்ளே இருந்துகொண்டே தின்னும் என்பார். விடுமுறைக்கு வரும்போது தம் பெட்டியையும் காலணியையும் கழுவிய பிறகே வாசற்படி மிதிப்பார். அத்தனை கழுவியும் அவர் விரல் ரேகைகளில் ஊறிய கிரீஸ் மட்டும் போகாது. வலக்கைக் கட்டைவிரலில் ஏதோ ஓர் இயந்திரம் குறுக்கே கீறிய தழும்பு உண்டாதலால், வீட்டுச் சுவிட்சுகளில் எல்லாம், நடுவில் வெட்டுண்ட கரிய ரேகை ஒன்று பதிந்திருக்கும். "கப்பலத் துடைக்கிற மனுசனுக்குச் சுவிட்சத் துடைக்கத் தெரியலையே" என்று திட்டியபடியே, அவர் புறப்பட்டுப் போன மறுநாள், அவள் அவற்றைச் சோப்பிட்டுத் தேய்ப்பது வழக்கமாயிருந்தது. இப்போது படகையும் ஒரு பழைய பல் துலக்கியால் அவ்வாறே தேய்த்தாள். உப்பால் களிம்பேறிய கொப்பரையைப் புளியிட்டு விளக்கினாள்.

இச்செய்தி வெளியே தெரிந்தது வற்றலால். கீழ்வீட்டுப் பாத்துமுத்து தன் பால்கனியில் காயவைத்த கூழ்வற்றலின்மேல் மாடியிலிருந்து நீர் சொட்டியது. வறுத்தபோது வாயில் வைக்க இயலாதபடி உப்புக் கரித்தது.

"ஏ புள்ள அங்கை, என் வத்தலுக்கு உப்புப் போட உன்னைய யாரு கேட்டா?" என்று படியேறி வந்த பாத்துமுத்து, கொப்பரையின் விளிம்புக்குள்ளிருந்து படகு சிறுபுள்ளியாய்த் தோன்றி, வளர்ந்து, கரை சேர்வதை நின்று கண்டாள். தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். அவள் கேட்டது ஒன்றே: "சவுதியில தம்மாம் வரைக்கும் போகுமா?"

"தெரியலையே, லாத்தா" என்று அக்கா முறை வைத்தே சொன்னாள் அங்கயற்கண்ணி.

"கேட்டுப் பாரு. என் மவன் செய்யது அங்கதான இருக்கான்."

மறுநாள் ஒரு கறிவேப்பிலைக் கொழுந்தைப் படகில் வைத்து, மகன் பெயரைச் சொல்லி அனுப்பினர். மாலையில் கொழுந்து இல்லை. அதன் இடத்தில் வெளிறிய மணல் சிறிது இருந்தது. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பின் செய்யது தொலைபேசியில் அழைத்தான். "உம்மா, குடிக்கிற டம்ளர்ல பொம்மைப் படகு ஒண்ணு வந்து நின்னுச்சு. கருவப்பில இருந்துச்சு. வெறும் பாத்திரத்தத் திருப்பி அனுப்பக் கூடாதும்பியே, கையில வேற எதுவும் இல்ல, மண்ணத்தான் வச்சேன். வந்துச்சா?"

"வந்துச்சு, வந்துச்சு. டம்ளர நல்லாக் கழுவினியா? படகு ஓடின தண்ணிய அப்படியே குடிச்சிராத" என்றாள் பாத்துமுத்து. அந்த மணலை அவள் சீனி டப்பாவில் பத்திரப்படுத்தினாள்.

அதன்பின் மாடிப்படியில் செருப்புகள் குவிந்தன. அக்குடியிருப்பில் கடல் கடந்த உறவு இல்லாத வீடு அரிது. கடுகளவு வெல்லம், ஒரு துளி நல்லெண்ணெய், பிறந்த குழந்தையின் உச்சிமுடி என்று, படகு தாங்கக்கூடிய எடையில் ஏக்கத்தைச் சுருக்கிக் கொண்டுவந்தனர். தேயிலைத் தூள், பேருந்துச் சீட்டின் கிழிந்த மூலை, இன்ன மரமென்று தெரியாத ஒரு மரத்தின் விதை என்று பதில்கள் வந்தன. எங்கு வளர்ந்தாலும் எவர் பிள்ளையும் பாத்திரத்தை வெறுமையாய்த் திருப்பவில்லை என்பதில் தாய்மார்களுக்குப் பெருமை.

குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளர் குமரகுருபரன் மட்டும் இதை முறைப்படுத்த விரும்பினார். அவர் சிலரோடு மாடிக்கு வந்து, கொப்பரையைச் சுற்றிப் பார்த்தார்.

"சட்டப்படி பார்த்தா இது வாகனம், அம்மா. வாகனத்தக் கீழ, கோடு போட்ட எடத்துலதான் நிறுத்தணும்."

"கீழ நிறுத்தினா என் ஆட்டோ ஏறிரும், சார். அப்புறம் அதுக்கு ஒரு கூட்டம் போடுவீங்க" என்றான் சுடலைமுத்து. அவன் எதிர்வீட்டுக்காரன், ஆட்டோ ஓட்டுபவன்.

"அது போகட்டும். தண்ணி வண்டி வாரத்துக்கு ஒருநாள் வருது. குடிக்கவே இல்லாத ஊர்ல கொப்பரை நிறையத் தண்ணி வச்சு விளையாடுறது நியாயமா?"

எல்லாரும் தலைகுனிந்து இறங்கிச் சென்றனர். குமரகுருபரன் மட்டும் கொப்பரையருகே நின்றார், தொண்டையைச் செருமினார், சட்டைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார்.

"கனடா தூரமா இருக்குமோ? நார்த்தங்காய் ஊறுகாய்ம்மா. துளிதான். மகளுக்கு மசக்கை."

மாலையில் ஒரு பனித்துகள் வந்தது. அது செங்காட்டூர் வெயிலிலும் உருகாமல் இருந்து, அவர் மனைவி உள்ளங்கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகே உருகியது. அடுத்த கூட்டத்தில், கொப்பரைக்கு வீட்டுக்கு ஒரு டம்ளர் நீர் தருவதென்று குமரகுருபரனே முன்மொழிந்தார். தண்ணீர் வண்டி வந்துபோன ஒவ்வொரு முறையும், குடங்களோடு படியேறிய பெண்கள் முதலில் அங்கயற்கண்ணியின் வீட்டில் டம்ளரைக் கவிழ்த்துவிட்டே தத்தம் வீடு சென்றனர்.

ஊரார் அனுப்பியவை எல்லாம் சேரவேண்டிய இடம் சேர்ந்தன. அங்கயற்கண்ணி அனுப்பியது மட்டும் திரும்பி வந்தது. முறைவைத்து அவளுக்கென ஒதுக்கிய நாள்களில் எல்லாம், மிஞ்சியிருந்த அந்தச் சிவப்புத் துண்டைப் படகின் முன்தளத்துக் குமிழில் பொருத்தி, கணவர் பெயரை மனத்துக்குள் சொல்லி அனுப்புவாள். அதைக் கண்டால் அவருக்குப் புரியும் என்பது அவள் கணக்கு. மாலையில் அதே குமிழில் அதே சிவப்புத் துண்டு இருக்கும். அவள் அதை எடுத்து, எவர் முகத்தையும் பாராமல், சோப்பிட்டுக் கழுவி வைப்பாள்.

"வேற ஏதாச்சும் அனுப்பு, புள்ள. மல்லியப்பூ அனுப்பிப் பாரு" என்றாள் பாத்துமுத்து.

"இதையே வாங்காத மனுசர் பூவ வாங்குவாரா, லாத்தா? முதல்ல இத வாங்கட்டும்."

"வீம்பு. உனக்கும் வீம்பு, அவருக்கும் வீம்பு. நடுவுல அந்தப் படகு என்ன பாவம் பண்ணிச்சு?"

தொலைவு போதவில்லை போலும் என்றெண்ணி, அவள் படகை மாற்றிக் கட்டலானாள். மூக்கைப் பிரித்து நீட்டினாள். தையல் எந்திரத்தில் நூல் சுற்றும் பாபினை இரண்டாம் விசையாக்கினாள். தீர்ந்துபோன பேனாவின் குழலைப் புகைபோக்கியாக்கினாள். பற்பசை மூடியைத் தலைகீழாகப் பொருத்தி விளக்கு என்றாள். கனம் ஒருபக்கம் சாய்ந்தால் மறுபக்கம் கட்டை சேர்த்தாள். இறுதியில், புத்தகத்தின் எந்தப் படத்திலும் இல்லாதபடி, ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் இரண்டாவது இருக்கை ஒன்றைக் கட்டினாள். அது எதற்கென்று யாரும் கேட்கவில்லை. ஊராரும் தம் பங்கைச் செய்தனர்: சுடலைமுத்து படகின் பின்புறத்தில் 'தாய் மண்ணின் செல்வன்' என்று மஞ்சள் நிறத்தில் எழுதினான்; கண்ணேறு படாமலிருக்கக் கறுப்புக் கயிற்றில் ஒரு மிளகாய் விதை கோத்துக் கட்டினான்; புதிய மாற்றம் ஒவ்வொன்றுக்கும் பிறகு படகின் முன் ஒரு சுண்டைக்காயை நசுக்கி வழியனுப்பினான். எலுமிச்சம்பழம் அப்படகுக்கு மிகப் பெரியதாக இருந்ததே காரணம்.

எல்லாம் செய்தும் சிவப்புத் துண்டு திரும்பி வந்தது.

ஆடி பிறந்தவுடன் தில்லைவாணனின் தம்பி சிற்றம்பலம் பேருந்தேறி வந்தார். நாற்காலி நுனியில் அமர்ந்து, அண்ணியின் முகத்தைப் பாராமல் பேசினார்.

"மதினி, கோவிச்சுக்காதீங்க. ஆடி அமாவாசை வருது. அண்ணனுக்குச் செய்ய வேண்டியதச் செஞ்சிருவோம். செய்யாம விட்டா அவருக்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம்."

"நாளைக்கு என் முறை" என்றாள் அங்கயற்கண்ணி. "ஒரு தடவை அனுப்பிப் பாத்திடுறேன், தம்பி. இந்தத் தடவையும் அவர் வாங்கலைன்னா, நீங்க சொன்னபடி எள்ளு வாங்கிடலாம்."

அந்த வாரம் தண்ணீர் வண்டி வரவில்லை. எங்கோ மோட்டார் பழுதென்றனர். குடியிருப்பின் குடங்கள் ஒவ்வொன்றாய்க் கவிழ்ந்தன. சிற்றம்பலத்துக்குக் காப்பி போட அங்கயற்கண்ணி பாத்துமுத்து வீட்டிலிருந்து அரை டம்ளர் நீர் வாங்கினாள். கொப்பரையிலோ வெயில் குடித்தது போக அடியில் ஒரு விரல் நீரே கிடந்தது. இருந்தும் காலையில் அவள் முறை என்பதை அறிந்து, பெண்கள் வந்தனர்; ஒருத்தி குழந்தையின் பால்புட்டியைக் கழுவ வைத்திருந்ததை ஊற்றினாள், ஒருத்தி பூச்சாடியை வடித்து ஊற்றினாள், குமரகுருபரன் தம் முகச்சவரக் கிண்ணத்தைக் கவிழ்த்தார். படகு தரைதட்டாமல் மிதக்க அது போதுமானதாயிற்று. சிவப்புத் துண்டைச் சுமந்து, கொப்பரையின் அடியை உரசியபடியே சென்று, அது சிறுத்து மறைந்தது.

அன்று எவரும் வேலைக்குச் செல்லவில்லை என்று சொல்ல இயலாது. சென்றவர்கள் முன்னதாகவே திரும்பிவிட்டனர். மாலையில் பால்காரரின் மணி கேட்டது. விளிம்புக்குள் ஒரு புள்ளி தோன்றியது, வளர்ந்தது, கரை சேர்ந்தது. முன்தளத்தில் அதே குமிழில் அதே சிவப்புத் துண்டு இருந்தது.

படிக்கட்டு முழுதும் நின்றவர்களுக்குச் செய்தி ஒருவர் வாய்வழி ஒருவராக இறங்கிச் சென்றது. சிற்றம்பலம் தோள்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அங்கயற்கண்ணி வழக்கம்போல் சிவப்புத் துண்டைக் கழற்றினாள், வழக்கம்போல் டம்ளரை நோக்கிக் கை நீட்டினாள், டம்ளர் வெறுமையாயிருந்தது. குடத்தைச் சாய்த்தாள், குடமும் வெறுமையாயிருந்தது. கழுவ வழியின்றி அதைக் கையிலேயே வைத்திருந்தவள், உப்புப் படிந்திருக்கிறதா என்று பார்க்க மேற்கு வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

அதன் தட்டையான மேற்பரப்பில், கரிய கிரீஸில், ஒரு விரல்ரேகையின் துணுக்கு பதிந்திருந்தது. ரேகைகளின் நடுவே குறுக்காக ஒரு வெட்டு ஓடியது.

"தம்பி" என்றாள். "தம்பி, இங்க வாங்க."

சிற்றம்பலம் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, சமையலறைச் சுவரிலிருந்த, துடைத்துத் துடைத்து வெளிறிய சுவிட்சைப் பார்த்தார். "அண்ணன் கை" என்றார்.

"அப்ப இது உன்னுது இல்ல, புள்ள" என்றாள் பாத்துமுத்து, மெதுவாக. "ரெண்டு வாங்கினேன்னாருன்னு சொன்னியே, அந்த இன்னொரு பெட்டியில உள்ளது. நீ அனுப்பினத அவர் வச்சிக்கிட்டாரு, தன்னோடதத் திருப்பி அனுப்பியிருக்காரு. வெறும் படகா எப்படி அனுப்புவாரு? ஒவ்வொரு தடவையும் உன்னுது அங்க, அவருது இங்க..."

மேலே சொல்லாமல் நிறுத்தினாள். ஏனெனில் அங்கயற்கண்ணி, சன்னலோரம் இருந்த பல் துலக்கியையும் சோப்பையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தனையும் கழுவிட்டேனே, லாத்தா" என்றாள். "வந்தது வந்தது எல்லாத்தையும் கழுவிட்டேனே."

அப்போது தெருமுனையில் தண்ணீர் வண்டியின் ஒலிப்பான் கேட்டது. எல்லாரும் குடங்களோடு ஓடினர். முதலில் நிரம்பிய குடத்தைச் சுடலைமுத்துவே தூக்கி வந்தான். "அக்கா, தண்ணி. படகக் கழுவிருங்க, உப்புத் தின்னுரும்" என்றான். "தின்னுட்டுப் போகட்டும்டா" என்றாள் அங்கயற்கண்ணி. சிற்றம்பலம் எள்ளைப் பற்றிப் பேசாமல் கடைசிப் பேருந்துக்குக் கிளம்பினார்.

மறுநாள் வேறொருவர் முறை, அவர் விட்டுக்கொடுத்தார். அங்கயற்கண்ணி குளிர்பதனப் பெட்டியின்மேல் நின்ற ஓட்டுநர் பொம்மையை எடுத்துத் தூசி தட்டினாள், ஓட்டுநர் இருக்கையில் நேர்முகமாக அமர்த்தி அழுத்தினாள், 'டக்' என்றது. பக்கத்து இருக்கையில், அரைத்த மஞ்சள் ஈரம் காயாத தன் கட்டைவிரலைப் பதித்தாள். கரிய ரேகை பதிந்த சிவப்புத் துண்டை அனுப்பவில்லை. அதை இட்லித் தட்டின் ஒரு குழியில் இட்டு மூடிவைத்தாள். கொப்பரை நிறைய நீர் இருந்தது. படகு வட்டமிடவும் இல்லை, நேரே சென்றது.

மாலையில் அது வந்தது. கொண்டுபோன ஓட்டுநர் கொண்டுபோன இடத்திலேயே இருந்தார். தலைக்கவசத்தில் கரிய தடம் ஒன்று இருந்தது. போகும்போது முன்னால் பார்த்த முகம், இப்போது பக்கத்து இருக்கையை நோக்கித் திருப்பப்பட்டிருந்தது. அந்த இருக்கையில், மஞ்சள் ரேகை இருந்த இடத்தில், ஒரு சிட்டிகை காப்பித்தூள், ஈரத்தில் குழைந்து கிடந்தது.

"இது என்னக்கா?" என்றான் சுடலைமுத்து.

"தோத்துட்டாராம்" என்றாள் அங்கயற்கண்ணி.

அவள் அடுப்பில் பாலை வைத்தாள். படகின் இருக்கையைச் சிறு கரண்டியால் வழித்தெடுத்து, ஒரு துகளும் கழுவாமல், அந்தச் சிட்டிகையைக் கலந்தாள். பால்கனிக்கு வந்து கொப்பரையருகே அமர்ந்து, தெற்கே பார்த்தபடி, ஒருவர் தமக்கு முன்னே நின்று எப்படி இருக்கிறது என்று கேட்பது போல ஒவ்வொரு மிடறாக நிதானித்துக் குடித்தாள். காப்பி உப்புக் கரித்தது. டம்ளரின் அடி தெரியும்வரை அவள் அதைக் குடித்தாள்.